அப்துல் ஹமீதின் கார் ஏன் நிற்கிறது?

கார் நின்றதும் அப்துல் ஹமீது முதலில் கைப்பிரேக்கைப் போடுவார். அடுத்து, தலையில் இருக்கும் வெள்ளைத் தொப்பியைச் சரிசெய்துகொள்வார். அதன் பிறகு நிதானமாக இறங்கிப் பின்பக்கம் போய்ப் பெட்ரோல் டேங்கின் மூடியைத் திருகுவார். மூடி கழன்றதும் உள்ளேயிருந்து 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம் வரும். "பெருமூச்சு விடுது பாருங்க" என்பார், பக்கத்தில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும். பின்சீட்டுக்கு அடியில் கிடக்கும் ஒட்டடைக்கம்புத் துண்டை எடுத்து டேங்குக்குள் விட்டு உருவி, எதுவரை நனைந்திருக்கிறது என்று வெயிலில் தூக்கிப் பார்ப்பார். "இருக்கு." கம்பைத் துடைத்து வைப்பார், மூடியை மாட்டுவார், முன்பக்கம் வந்து பானெட்டைத் தூக்கி முட்டுக்கொடுப்பார். இத்தனையும் வரிசை தப்பாமல் முடிந்ததும், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு எஞ்சினுக்கு முதுகைக் காட்டி நின்று ரோட்டைப் பார்ப்பார்.

முதல் ஆள் வந்து சேர அதிகபட்சம் மூன்று நிமிடம் ஆகும்.

அறுபத்தேழு வயது மனிதர் ரோட்டோரம் சும்மா நின்றால் அவரை ஒரு கிலோமீட்டர் கல்லைப் போலத் தாண்டிப் போய்விடுவார்கள். பானெட் திறந்த காருக்குப் பக்கத்தில் நின்றால் கதையே வேறு. மொபெட் நிற்கும், தேங்காய் லோடு ஏற்றிய வேன் நிற்கும், மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறவர்கூட ஒரு காலை ஊன்றி நிறுத்திவிட்டு, "என்ன பாய், நின்னுருச்சா?" என்பார்.

"நின்னுருச்சு தம்பி."

"பெட்ரோல் இருக்கா?"

"குச்சி விட்டுப் பாத்துட்டேன். அரைக்கு மேல இருக்கு."

"அப்ப கார்ப்பரேட்டர்தான்" என்று சொல்லிவிட்டு, அந்தச் சொல்லைச் சொல்லக் கிடைத்த திருப்தியோடு அவர் கிளம்பிப் போவார். அடுத்தவர் வருவார். அவருக்கு இப்போது பெட்ரோலில் என்னத்தையோ கலக்கிறார்கள் என்பதில் சந்தேகமே இல்லை.

வண்டி தொண்ணூறாம் வருஷத்துப் பத்மினி. தயிர் நிறம். பெட்ரோல் முள் பதினோரு வருஷமாகப் பாதியிலேயே நிற்கிறது. டேங்க் காலியானாலும் பாதி, வழிந்தாலும் பாதி. அதனால்தான் அந்த ஒட்டடைக்கம்பு. இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போக இருபத்தைந்து நிமிடம் போதும். இந்த வண்டி அதில் முக்கால்வாசி தூரம் நன்றாக ஓடிவிட்டு, சண்முகத்தாயின் டீக்கடைப் பக்கம் வந்ததும் இரண்டு தடவை விக்கி, அடங்கி, ஓரமாக ஒதுங்கிவிடும். டேங்க் நிறைய இருந்தால் கடைக்கு இந்தப் பக்கம். கொஞ்சம் குறைந்திருந்தால் கடைக்கு அந்தப் பக்கம். "வயிறு நெறஞ்சா சீக்கிரமே படுத்துக்கிடுது, மனுசன் மாதிரி" என்று ஹமீது விளக்கம் சொல்வார்.

வைத்தியர்களில் தலைமை வைத்தியர் தவசிமுத்து. அரசு பஸ்ஸில் முப்பத்தோரு வருஷம் ஓட்டி ஓய்வுபெற்றவர்; டீக்கடை பெஞ்சில் நாள் முழுக்க அவருடைய டியூட்டி. வண்டி விக்கும்போதே எழுந்து தோளில் கிடக்கும் துண்டைக் குடத்துத் தண்ணீரில் முக்கிவிடுவார். "பம்பு சூடாகுது பாய். சூடானா உள்ள இருக்க பெட்ரோல் ஆவியாப் போயிரும். ஆவி எப்படி எஞ்சின ஓட்டும்?" ஈரத்துண்டைப் பெட்ரோல் பம்பின் மேல் போர்த்தி, காய்ச்சல்காரன் நெற்றியைத் தொடுவதுபோலக் கையை வைத்துக்கொண்டு நிற்பார். பத்து நிமிடத்தில் சாவியைத் திருப்பினால் வண்டி கிளம்பிவிடும். "பாத்தீயளா?"

தவசிமுத்து வெளியூர் போயிருந்த ஒரு நாள், தேங்காய் வியாபாரி ஒருவர் பம்பை ஸ்பேனரால் நாலு தட்டு தட்டினார். கிளம்பியது. இன்னொரு நாள் யாரோ ஒரு புண்ணியவான் ரப்பர் குழாயை வாயில் வைத்து ஊதினார். கிளம்பியது. மகாராஜபுரத்துக்குப் போய்க்கொண்டிருந்த ஓர் அம்மா காரை மூன்று சுற்றுச் சுற்றித் திருநீறு போட்டுவிட்டார். அதற்கும் கிளம்பியது. எல்லா வைத்தியமும் பலித்ததுதான் நோயைக் கண்டுபிடிக்க முடியாமல் போனதற்குக் காரணம்.

அப்துல் ஹமீது நூற்பாலையில் டைம் ஆபீஸ் கிளார்க்காக இருந்தவர். ஒரு நாளைக்கு எண்ணூறு பேர் அவருடைய ஜன்னலைத் தாண்டித்தான் உள்ளே போகவேண்டும். எண்ணூறு பேரின் டோக்கன் நம்பரும் அத்துப்படி. இன்றைக்கும் கடைத்தெருவில் பழைய ஆளைப் பார்த்தால் பெயருக்கு முன்னால் நம்பர்தான் வாயில் வரும். "ஏலே, நானூத்திப் பதினாறு, எப்படி இருக்க?" நானூற்றுப் பதினாறுக்கு அவசரம் இருக்கும். எல்லா நம்பர்களுக்குமே இப்போது அவசரம் இருக்கிறது. ஆகவே வீட்டுக்கு வந்து, கடன் தருகிறோம் என்று போன் செய்கிற பெண்களிடம் பேசுவார். "லோனெல்லாம் வேணாம் தாயி. நீ எந்த ஊரு? சாப்ட்டியா?" என்று தொடங்கினால் எதிர்முனையில் இருப்பவள்தான் முதலில் போனை வைக்கவேண்டியிருக்கும்.

மனைவி மெகராஜ் பேகம் கோயம்புத்தூரில் இருக்கிறார். மகள் ஜுவைரியாவின் பிரசவத்துக்கு நாற்பது நாள் இருந்துவிட்டு வருவதாகப் போனவர். நாற்பது நாள் போய் இரண்டு வருஷமும் நாலு மாசமும் ஆகின்றன. பேத்தி ஆலியா கவிழ்ந்து, தவழ்ந்து, நடந்து, இப்போது போனைப் பிடுங்கி 'கட்' செய்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டாள். "பிள்ள ஸ்கூலுக்குப் போயிட்டா வந்துருவேங்க" என்பது இப்போதைய தவணை. சண்டை என்று யாரும் சொல்லமுடியாது. தினமும் ஒன்பது மணிக்கு மூன்று நிமிடம் பேசுகிறார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பயணமும் அந்த அம்மாளை வைத்துத்தான். அங்கே மெகராஜின் பிறந்த வீடு பூட்டிக்கிடக்கிறது. மச்சினன் துபாயில். வியாழக்கிழமை தவறாமல் ஹமீது போய்ப் பூட்டைத் திறந்து, ஏழு ஜன்னல்களையும் விரியத் திறந்துவிட்டு, கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, மறுபடி ஏழையும் சாத்திப் பூட்டிக்கொண்டு திரும்புவார். "பூட்டுன வீட்டுக்குக் காத்துப் போகலன்னா சொவரே நமத்துப் போயிரும்." அந்த இரண்டு மணி நேரத்தில் யாரும் வந்ததில்லை. யார் வீட்டு ஜன்னல் திறந்தால் யாருக்கு என்ன? ஆனால் போகிற வழியில் நிற்கிறதே அந்தக் கால் மணி நேரம், அதில் ஏழெட்டுப் பேர் பேசிவிடுவார்கள். அவருடைய வாரத்தில் அதுதான் கூட்டம் கூடும் நாள்.

நிலைமை இப்படியே போயிருக்கும். மாசி மாசம் ஒரு போன் வந்தது.

"வண்டி எப்படி இருக்கு?" என்று மெகராஜ் கேட்டார்.

"நல்லா இருக்கு."

"நின்னுச்சா?"

"நின்னுச்சு."

"பொறவு என்ன நல்லா இருக்கு?" கோயம்புத்தூரில் சிரிப்புச் சத்தம் கேட்டது. "இங்கேருங்க, பங்குனியில சின்னாப்பா மக கல்யாணத்துக்கு வில்லிபுத்தூருக்கு வாரேன். அன்னைக்கும் நடுரோட்டுல நிறுத்தி நாலு பேர் பாக்க என்னை உக்கார வச்சீங்கன்னா, வண்டிய அஃப்சல்ட்ட சொல்லி வித்துருவோம். ஆளு கூட ரெடியா இருக்காம். வண்டிய ஒழுங்கு பண்ணுங்க, நான் அங்கயே இருந்துக்கிடுதேன்."

அஃப்சல் மருமகன். காரை நாலு பக்கமும் போட்டோ எடுத்து வைத்திருக்கிறார். கடைசி வாக்கியம் அந்த அம்மாள் குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டே, போகிற போக்கில் சொன்னது. டைம் ஆபீஸில் முப்பத்தாறு வருஷம் இருந்தவருக்குப் போகிற போக்கில் சொன்னது என்று ஒன்று கிடையாது. வண்டி நிற்காமல் ஓடினால் மெகராஜ் இங்கேயே இருப்பார். நின்றால் வண்டியும் போகும். அவருடைய மனதில் இது நோட்டீஸ் போர்டில் சாவி போட்டுப் பூட்டிய சுற்றறிக்கையாக ஏறிவிட்டது.

மறுநாளே மெக்கானிக் சிவபாண்டியின் பட்டறையில் போய் உட்கார்ந்தார். சிவபாண்டி ஏற்கெனவே பம்பைப் பிரித்துவிட்டான், பில்டரை மாற்றிவிட்டான், கார்ப்பரேட்டரை மூன்று தடவை குளிப்பாட்டிவிட்டான். இந்தத் தடவை டேங்கிலிருந்து வருகிற குழாயைக் கழற்றிவிட்டு, ஒரு தண்ணீர் பாட்டிலில் பெட்ரோலை ஊற்றித் தலைகீழாகக் கட்டி, அதிலிருந்து எஞ்சினுக்குக் குழாய் கொடுத்தான். மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றுவதுபோல இருந்தது. செட்டியார்பட்டி வரை போய்த் திரும்பினான். வண்டி இருமக்கூட இல்லை.

"பாய், பாட்டில்ல ஓட்டுனா தூங்குற பிள்ள மாதிரி ஓடுது. முன்னாடி ஒரு கொறையும் இல்ல. டேங்க்ல இருந்து வர்ற பைப்பையும் காத்தடிச்சு ஊதிட்டேன், சுத்தமா இருக்கு."

"பொறவு எங்கிட்ட மட்டும் ஏன் நிக்குது?"

"நீங்க ரொம்பச் செல்லம் குடுக்கீய."

"பாட்டிலயே கட்டிவிட்டுரு. அதுலயே ஓட்டிக்கிடுதேன்."

"கல்யாண வீட்டுக்குப் பாட்டில் கட்டுன கார்ல போவியளா? அம்மா பாத்தா என்னையத்தான் வைவாக."

அடுத்த வியாழக்கிழமை வழக்கமான இடத்தில் வண்டி விக்கி நின்றது. ஹமீது கைப்பிரேக்கைப் போட்டார், தொப்பியைத் தொட்டார், இறங்கினார். மூடியில் கை வைக்கப் போனபோது, "பாய், செத்த நேரம் அதத் தொடாதீய" என்று குரல் வந்தது. சண்முகத்தாய் கரண்டியோடு ரோட்டுக்கே வந்துவிட்டாள். வடைச்சட்டிக்குப் பின்னாலிருந்து இரண்டு வருஷமாக இந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவள். பேசாதவர்களுக்குத்தான் பார்க்க நேரம் இருக்கிறது.

"ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கிட மாட்டீயளே?"

"சொல்லு தாயி."

"இன்னைக்கு அந்த மூடியத் தொறக்காம வைத்தியம் பாருங்க. அண்ணாச்சி, நீங்க துண்டப் போடுங்க."

தவசிமுத்து துண்டைப் போட்டார். பத்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினார்கள். கிளம்பவில்லை. துண்டை மறுபடி நனைத்துப் போட்டார். கிளம்பவில்லை. பம்பைத் தட்டினார்கள், குழாயை ஊதினார்கள். பேட்டரி சோர்ந்து முனகத் தொடங்கியது. தவசிமுத்து, முப்பத்தோரு வருஷ அனுபவத்தில் முதல் தடவையாக, துண்டைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டார்.

"இப்பத் தொறங்க."

உஸ்ஸ். பம்பை நாலு தடவை கையால் அடித்துப் பெட்ரோலை இழுத்துவிட்டுச் சாவியைத் திருப்பினார்கள். கிளம்பிவிட்டது.

சண்முகத்தாய் கடைக்குள் போய் எண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அதன் மேல்தகட்டில் மூலைக்கு ஒன்றாக இரண்டு ஓட்டைகள். "எண்ணெய் ஊத்துறதுக்கு ஒரு ஓட்ட பத்தாதா? ரெண்டாவது எதுக்குப் போடுதோம்? காத்து உள்ள போனாத்தான எண்ணெய் வெளிய வரும். உங்க டேங்க்ல காத்துப் போக வழியில்ல பாய். பெட்ரோல் கொறையக் கொறைய உள்ளுக்குள்ள இழுத்துப் பிடிச்சுக்கிடுது. நீங்க குச்சி விடணும்னு தொறக்கீய பாருங்க, அதான் மருந்து. மத்ததெல்லாம் சும்மா." கரண்டியால் டின்னை ஒரு தட்டுத் தட்டினாள். "பூட்டுன வீட்டுக்குக் காத்து வேணும்னு வாரம் வாரம் போறீய. இது என்ன பாவம் பண்ணுச்சு?"

ஹமீது மூடியைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். உள்பக்கம், சைக்கிள் டியூபில் வெட்டிய வட்டம் ஒன்று, அதன் மேல் இன்னொன்று, இரண்டும் ஓரம் பிசகாமல் ஒட்டியிருந்தன.

"எந்த மடையன் இத வச்சான்?" என்றார் தவசிமுத்து.

"பழைய மெக்கானிக் ஒருத்தன்."

அப்படி ஒருத்தன் இல்லை. பழைய மூடியைக் காரின் கூரையில் வைத்துவிட்டு மறந்து ஓட்டித் தொலைத்தவர் அவர்தான். கடையில் வாங்கிய புது மூடி வழியாகப் பெட்ரோல் வாடை உள்ளே வந்தது. மெகராஜுக்கு வாடை ஆகாது. இரண்டாவது மைலிலேயே முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு, "இந்த நாத்தத்துல இனி நான் ஏறமாட்டேன்" என்றார். அன்று சாயங்காலமே சமையலறைக் கத்தரிக்கோலால் டியூபை வெட்டி, ஒன்றுக்கு இரண்டாக வைத்து, மூடியின் மூச்சுத் துளையோடு சேர்த்து அடைத்தது அவருடைய கைதான். வாடை ஒழிந்தது. அடுத்த வாரம் வண்டி நிற்கத் தொடங்கியது. அதற்கடுத்த மாசம் மெகராஜ் கோயம்புத்தூர் போனார். இவை ஒன்றுக்கொன்று சொந்தம் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

ரப்பரை நகத்தால் பெயர்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அதற்கு அடுத்த வியாழக்கிழமை, அந்த நெடுஞ்சாலையில் தயிர் நிறப் பத்மினி ஒன்று நிற்காமல் போயிற்று. டீக்கடை வந்தது, போனது. தவசிமுத்து பெஞ்சிலிருந்து கையைத் தூக்கினார். அந்தக் கை இறங்குவதற்குள் கார் தாண்டிவிட்டது. மேற்கே செண்பகத்தோப்பு மலை முழுசாகத் தெரிந்தது. இருபத்திரண்டு நிமிடத்தில் ஊர் வந்துவிட்டது. ஏழு ஜன்னல்களையும் திறந்து உட்கார்ந்தார். திரும்பி வந்து வீட்டுக் கதவைத் திறக்கும்போது யோசித்துப் பார்த்தார்: காலையிலிருந்து யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. வண்டி எவ்வளவு நன்றாக ஓடுகிறது என்று சொல்லக்கூட ஆள் இல்லை. ஒன்பது மணி வரை காத்திருந்து மெகராஜிடம் சொன்னார். "அப்படியா, நல்லது" என்றார் மெகராஜ். ஆலியா கட் செய்துவிட்டாள்.

பங்குனியில் வெள்ளிக்கிழமை காலை மெகராஜ் பேகம் வந்து இறங்கினார். காரில் ஏறியதும் மூக்கைச் சுளித்தார். "மறுபடியும் பெட்ரோல் நாத்தம் வருதே."

"அது வரணும். வந்தாத்தான் ஓடும்."

"நல்ல வண்டி" என்று ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் பெட்டியைத் திறந்தார். துணிகளுக்கு மேலே ஞாயிறு இராத்திரி ஒன்பதரை மணிக் கோயம்புத்தூர் பஸ்ஸின் டிக்கெட் இருந்தது. போகும்போதே வரும் டிக்கெட்டையும் சேர்த்து எடுத்துக்கொடுத்தவர் அஃப்சல். ஹமீது அதைப் பார்த்தார். அந்த இடத்தைத் தாண்டி வண்டி ஓடுவதை இன்னும் அவர் பார்க்கவில்லையே, ஞாயிற்றுக்கிழமை பார்க்கட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ஞாயிறு காலை கிளம்பினார்கள். புறப்பட்டதும் கோயம்புத்தூரிலிருந்து வீடியோ அழைப்பு வந்தது. ஆலியா சாப்பிடமாட்டேன் என்கிறாளாம். மெகராஜ் போனை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு காக்கா வருது, பூனை வருது என்று ஊட்டத் தொடங்கினார். டீக்கடையைத் தாண்டும்போது ஹமீது தொண்டையைச் செருமினார். "மெகராஜு, அந்த எடத்தத் தாண்டிட்டோம்."

"எந்த எடம்?" என்றார் மெகராஜ், போனைப் பார்த்தபடி. "ஆ காட்டு தங்கம். ஆ."

கல்யாண வீட்டில் ஆண்கள் கீழே, பெண்கள் மாடியில். மனைவியை அவர் அடுத்துப் பார்த்தது நாலரை மணிக்கு, பிரியாணிப் பொட்டலமும் கைப்பையுமாகப் படியிறங்கி வரும்போதுதான். திரும்பும் வழியில் மறுபடி போன் அடித்தது. இந்தத் தடவை அஃப்சல். பஸ் எங்கே நிற்கும், எத்தனை மணிக்குப் போய் நிற்கவேண்டும், எந்தப் பக்கத்து சீட். எஞ்சின் தையல் மிஷின் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. இந்த வேகத்தில் போனால் இன்னும் பதினைந்து நிமிடத்தில் வீடு, பெட்டி கட்ட ஒரு மணி நேரம், அப்புறம் ஒன்பதரை. சுற்றறிக்கையில் கண்ட ஒப்பந்தப்படி அவருடைய பங்கை அவர் முடித்துவிட்டார். மறுபக்கத்துக்கு அப்படி ஒரு சுற்றறிக்கை வந்ததே தெரியாது.

டீக்கடைக்கு நூறு அடி முன்னால், ஹமீது வலது கையை ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு, இடது கையால் சாவியைத் திருப்பி அணைத்தார்.

வண்டி விக்கவில்லை. சத்தமில்லாமல் உருண்டு, கடை வாசலுக்கு நேராக ஓரத்தில் நின்றது.

"என்னாச்சு?"

"நின்னுருச்சு."

போனில் அஃப்சலின் குரல் கேட்டது. "நின்னுருச்சா மாமி? நான் சொன்னேன்ல. நாளைக்கே அந்த ஆள வரச் சொல்லுதேன்."

"பொறவு பேசுதேன்" என்று மெகராஜ் அணைத்தார்.

ஹமீது கைப்பிரேக்கைப் போட்டார். இறங்கிப் பின்னால் போய் மூடியைத் திருகினார். எந்தச் சத்தமும் வரவில்லை. கம்பை விட்டுப் பார்த்தார். "இருக்கு" என்று சொன்னார். முன்னால் வந்து பானெட்டைத் தூக்கி முட்டுக்கொடுத்தார். கடை பெஞ்சில் தவசிமுத்து துண்டோடு பாதி எழுந்தார். சண்முகத்தாய் என்ன கண்டாளோ, கரண்டியைக் காட்டி அவரை உட்காரவைத்தாள்.

"எம்புட்டு நேரம் ஆகும்?" காருக்குள்ளிருந்து மெகராஜ் கேட்டார்.

"பத்து நிமிசம். சூடு ஆறணும்."

பானெட்டின் பக்கவாட்டில் தலையை நீட்டி ஹமீது பார்த்தார். மெகராஜ் டிரைவர் சீட்டுப் பக்கம் சாய்ந்து, அணைந்த நிலையில் இருந்த சாவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். அதற்குள் போன் மறுபடி அடிக்கத் தொடங்கியது. மெகராஜ் பேகம் சாவியை உருவி எடுத்து, அடித்துக்கொண்டிருக்கிற போனோடு சேர்த்துக் கைப்பைக்குள் போட்டு, ஜிப்பைக் கடைசி வரை இழுத்து மூடிவிட்டு, கதவைத் திறந்துகொண்டு இறங்கினார்.